மணலில் எழுதிய உபதேசம்: ஆலங்குடி சாலையில் ஒரு பயணம்

ஆலங்குடி என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது, திருவாரூர் மாவட்டத்தில் வலங்கைமான் பக்கம் இருக்கும் குருத்தலம்தான். குருப்பெயர்ச்சி வந்துவிட்டால் தட்சிணாமூர்த்தியைத் தரிசிக்க அங்கே கூட்டம் அலைமோதும். அதே பெயரில் புதுக்கோட்டைக்குக் கிழக்கே சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் ஆலங்குடிக்கு அந்தப் புகழ் கிடையாது. தாலுகா அலுவலகம், சந்தை, பேருந்து நிலையம் என்று தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஊர் இது. ஆனால், இந்த ஆலங்குடிக்குப் போகும் வழியிலும் ஒரு தட்சிணாமூர்த்தி கதை இருக்கிறது.

புதுக்கோட்டையிலிருந்து கிளம்பினால் பாதி வழிக்கு முன்பே திருவரங்குளம் வந்துவிடும். இன்று சாலையின் இரு பக்கமும் தைல மரங்களும் வீடுகளும் தெரிகிற இந்தப் பகுதி, 18-ம் நூற்றாண்டில் காடு. அந்தக் காட்டில்தான் 1738-ம் ஆண்டில் புதுக்கோட்டை மன்னர் விஜயரகுநாதராயத் தொண்டைமான், சதாசிவ பிரம்மேந்திரரைச் சந்தித்தார் என்கிறது சமஸ்தான வரலாறு.

கர்நாடக சங்கீதம் கேட்பவர்களுக்கு சதாசிவ பிரம்மேந்திரரைத் தெரிந்திருக்கும். 'மானஸ சஞ்சரரே' அவருடைய பாடல். கரூர் அருகே நெரூரில் அவருடைய அதிஷ்டானம் இருக்கிறது. இளமையில் அவர் வாதத்தில் வல்லவராம். வந்த பண்டிதர்களையெல்லாம் கேள்வி கேட்டு மடக்கிவிடுவாராம். 'உன் வாயை அடக்க எப்போது கற்றுக்கொள்ளப் போகிறாய்?' என்று குரு பரமசிவேந்திரர் ஒருநாள் கேட்க, அன்றோடு பேச்சை நிறுத்தியவர் பிறகு வாய் திறக்கவே இல்லை என்று சொல்வார்கள். ஜெயிக்கத் தெரிந்தும் பேசாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்பது, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இருப்பவர்களுக்குச் சொல்லிப் புரியவேண்டியதில்லை.

அப்படிப்பட்ட மௌனியிடம் மன்னர் உபதேசம் கேட்டார். அவர் பேசவில்லை, மணலில் விரலால் எழுதிக் காட்டினார். எழுதியது தட்சிணாமூர்த்தி மந்திரம். ஆலமரத்தடியில் அமர்ந்து, பேசாமலேயே சீடர்களின் சந்தேகத்தைத் தீர்த்தவர் என்று புராணம் சொல்லும் தெய்வத்தின் மந்திரத்தை, பேசாத ஒரு துறவி எழுதிக் கொடுத்திருக்கிறார். மன்னர் அந்த மணலை அப்படியே அள்ளிக் கொண்டுபோய் அரண்மனையில் வைத்தார். அது அங்கே பூஜையில் வைத்துப் போற்றப்பட்டு வந்திருக்கிறது.

இந்தக் கதையில் பலரும் மணலோடு நின்றுவிடுகிறார்கள். அதற்குப் பிறகு நடந்தது இன்னும் முக்கியம். துறவியைச் சந்தித்த மன்னர் துறவியாகவில்லை. ராஜ்யத்தை விட்டுவிட்டு வா என்று யாரும் அவரிடம் சொல்லவுமில்லை. வழிகாட்டியாக கோபாலகிருஷ்ண சாஸ்திரி என்பவரை வைத்துக்கொள்ளும்படி சதாசிவர் குறிப்புக் காட்ட, மன்னர் அரண்மனைக்குத் திரும்பி தன் வேலையைப் பார்த்தார். அதுவும் லேசான வேலை அல்ல. 1751-ல் திருச்சியைச் சுற்றி மூண்ட போரில் அவர் முகமது அலி பக்கமும் ஆங்கிலேயர் பக்கமும் நிற்க வேண்டியிருந்தது. காலையில் மந்திரம், பகலில் போருக்கு நெல்லும் ஆளும் அனுப்புகிற கணக்கு என்று அவருடைய நாட்கள் போயிருக்க வேண்டும். மந்திரத்தால் போர் நின்றுவிடவில்லை. மந்திரம் சொல்கிறவர் அரசியல் கணக்குப் போடலாமா என்று கேட்டால், அதற்கு அந்த மணலில் விடை இல்லை.

அவர் காலத்திலிருந்து வந்த இன்னொரு வழக்கம் கொஞ்சம் அழகானது. தொண்டைமான்கள், திருக்கோகர்ணத்து அம்மன் பிரகதாம்பாளின் தாசர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொண்டார்கள். நவராத்திரி நாட்களில் அரிசியோடு ஒரு சின்னச் செம்புக்காசும் தானமாகக் கொடுப்பது வழக்கம். ஒரு பக்கம் அம்மன் உருவம், மறுபக்கம் தெலுங்கில் 'விஜய' என்ற எழுத்து. அதுதான் அம்மன் காசு. 20 காசு சேர்ந்தால் ஓர் அணா. தானம் வாங்கியவர் வீட்டோடு அது நிற்கவில்லை. உப்புக்கும் புளிக்கும் கடைக்குப் போனது. 1948 மார்ச்சில் சமஸ்தானம் இந்தியாவோடு இணையும் வரை, அம்மனை மடியில் முடிந்துகொண்டுதான் இந்தப் பக்கத்துச் சனங்கள் சந்தைக்குப் போனார்கள்.

திருவரங்குளத்தைத் தாண்டி ஆலங்குடிக்குள் நுழைந்தால் சிவன் கோயில். சுவாமி பெயர் நாமபுரீஸ்வரர், அம்பாள் அறம்வளர்த்த நாயகி. சுவாமி பெயரிலேயே 'நாமம்' இருக்கிறது. மந்திர உபதேசத்துக்கு குரு வேண்டும், நாள் பார்க்க வேண்டும். நாமத்தைச் சொல்ல அது எதுவும் தேவையில்லை என்பதுதான் பக்தி மரபு திரும்பத் திரும்பச் சொல்வது. பேருந்துக்குக் காத்திருக்கும்போது சொல்லலாம். பூப்பறித்துக்கொண்டேகூடச் சொல்லலாம்.

பூ என்றால் கீரமங்கலம் பக்கம் போக வேண்டும். ஆலங்குடிக்குத் தென்கிழக்கே இருக்கும் இந்தப் பகுதியில் மல்லிகை, முல்லை, கனகாம்பரத் தோட்டங்கள் நிறைய. விடிவதற்குள் பறித்தால்தான் மொட்டு மலராமல் சந்தைக்குப் போய்ச்சேரும். பூவோடு தென்னை, பலா, வாழையும் உண்டு. 2018 நவம்பர் 16-ம் தேதி கஜா புயல் இந்த மரங்களை ஒரே இரவில் சாய்த்துவிட்டுப் போனது. ஒரு தென்னங்கன்று காய்க்க ஐந்தாறு வருஷமாவது ஆகும். அது தெரிந்துதான் மறுபடி குழி தோண்டினார்கள்.

கீரமங்கலத்துக்கு அருகே குளமங்கலத்தில், வில்லுனி ஆற்றங்கரையில் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயில் இருக்கிறது. எதிரே 30 அடிக்கும் மேல் உயரமான குதிரைச் சிலை, முன்னங்கால்களைத் தூக்கிப் பாய்கிற தோரணையில் நிற்கும். ஆசியாவிலேயே பெரிய குதிரை என்று ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். மாசி மகத்தன்று வேண்டுதல் நிறைவேறியவர்கள் குதிரைக்கு மாலை போடுகிறார்கள். குதிரையின் உயரத்துக்குக் கட்டிய மாலை. இத்தனை பூ விளைகிற மண்ணில், அந்த மாலை காகிதப் பூவால் ஆனது!

அதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்லலாம். கண்ணால் பார்க்கும்போது தெரிகிற காரணம், அதிலிருக்கும் உழைப்பு. கலர் காகிதத்தை வெட்டி, மடித்து, கோத்து அத்தனை நீளத்துக்குக் கட்டுவதற்குப் பொறுமை வேண்டும். கட்டிய மாலையைக் கசங்காமல் வண்டியில் ஏற்ற நாலு பேர் வேண்டும். குதிரையின் கழுத்துவரை ஏறிப் போடவும் ஆள் வேண்டும். நேர்ந்துகொண்டவர் தனியாக வந்து முடித்துவிட்டுப் போகிற காரியமில்லை இது. உறவும் பக்கத்து வீடும் கூட வந்தாக வேண்டும்.

மாசி மகம் பிப்ரவரியிலோ மார்ச்சிலோ வரும். திருவிழாவின்போது போகிறவர்கள் விடியற்காலையிலேயே கிளம்பிவிடுவது நல்லது. நேரமாக ஆக, குதிரை உடம்பு மாலைக்குள் மறைந்துவிடும். முகம் மட்டும்தான் வெளியே தெரியும்.