எந்தச் சுழற்சியில் இயந்திரம் நலமாக இருக்கும்?

ஜைரோபிளேனைத் தொலைவிலிருந்து பார்ப்பவர் அதைச் சிறிய ஹெலிகாப்டர் என்றே நினைப்பார். ஆனால் அது பறந்துகொண்டிருக்கும்போது தலைக்குமேல் சுழலும் ரோட்டாருக்கும் இயந்திரத்துக்கும் எந்த இணைப்பும் இல்லை. கீழிருந்து மேல்நோக்கி ஊடுருவும் காற்றே ரோட்டாரைச் சுழற்றுகிறது. முன்னோக்கித் தள்ளுவது மட்டுமே இயந்திரத்தின் வேலை. 1923 ஜனவரியில் மாட்ரிட்டுக்கு அருகே கெதாஃபேயில் ஹுவான் தெ லா சியர்வா தம் சி.4 ஊர்தியைப் பறக்கச் செய்த நாள் முதல் இந்த அமைப்பின் பெருமை ஒன்றுதான்: இயந்திரம் நின்றாலும் ரோட்டார் நிற்பதில்லை.

அந்தப் பெருமையே ஒரு மெத்தனத்தையும் வளர்த்திருக்கிறது. ரோட்டார் சுழன்றுகொண்டே இருக்கும் என்பது உண்மை. ஆனால் நிலையிறக்கை விமானம்போல நெடுந்தொலைவு சறுக்கிச் சென்று இடம் தேட ஜைரோபிளேனால் இயலாது. இறக்கம் செங்குத்தானது. மரங்களுக்குமேல் 150 மீட்டர் உயரத்தில் இயந்திரம் நின்றால், இறங்குமிடத்தைத் தேர்ந்தெடுக்கச் சில நொடிகளே கிடைக்கும். ஆகவே அன்றாடப் பறத்தலில் இயந்திரத்தை எந்தச் சுழற்சியில் ஓட்டுவது என்ற கேள்வி எரிபொருள் சிக்கனத்தோடு முடிந்துவிடுவதில்லை.

புதிதாக உரிமம் பெற்ற விமானி ஒருவர் இக்கேள்விக்குத் தரும் விடையை எளிதில் ஊகிக்கலாம். சாலையில் வண்டி ஓட்டிய அனுபவம் அவருக்கு ஒரு பாடத்தைக் கற்பித்திருக்கிறது: சுழற்சி குறைந்தால் சத்தம் குறையும், சத்தம் குறைந்தால் தேய்மானமும் குறையும். இருக்கைக்குப் பின்னால் புரொப்பெல்லர் இரைந்துகொண்டிருக்கும் ஊர்தியில் இந்தப் பாடம் இன்னும் கவர்ச்சியாகத் தோன்றும். 4500 ஆர்.பி.எம்.மில் இரைச்சல் தணிகிறது, அதிர்வும் தணிகிறது. இயந்திரம் நலமாக இருப்பதாக அவர் காது அவருக்குச் சொல்கிறது. காது சொல்வது புரொப்பெல்லரைப் பற்றித்தான். சிலிண்டருக்குள் நடப்பது அதற்குக் கேட்பதில்லை.

இலகு ஜைரோபிளேன்களில் பரவலாகக் காணப்படும் ரோட்டாக்ஸ் 912 யூஎல்எஸ் இயந்திரத்தையே எடுத்துக்கொள்ளலாம். 1352 கன சென்டிமீட்டர் கொள்ளளவு, 5800 ஆர்.பி.எம்.மில் 100 குதிரைத்திறன். ஆனால் அந்த 5800-க்கு ஐந்து நிமிடமே அனுமதி. தொடர்ந்து ஓட்டத்தக்க உச்சம் 5500. இவ்வளவு வேகமாகச் சுழலும் தண்டோடு புரொப்பெல்லரை நேரடியாகப் பொருத்த முடியாது என்பதால் இடையில் 2.43-க்கு 1 என்ற கியர் பெட்டி. இயந்திரம் 5000 சுழலும்போது புரொப்பெல்லர் ஏறத்தாழ 2060 மட்டுமே சுழலும். பழைய விமான இயந்திரங்களில் பழகியவருக்கு 5000 என்ற எண் அச்சமூட்டும். இந்த இயந்திரத்துக்கோ அது இயல்பான நடை. அதன் முறுக்குவிசை உச்சம் பெறுவதே 5100-இல்தான்.

தயாரிப்பாளரின் அட்டவணை 5000 ஆர்.பி.எம்.மை 75 விழுக்காட்டுத் திறன் என்கிறது. இதற்கு எளிய இயற்பியல் உண்டு. கோணம் மாறாத புரொப்பெல்லர் உறிஞ்சும் திறன், தோராயமாகச் சுழற்சியின் மும்மடிக்கு ஏற்ப மாறும். 5500-இலிருந்து 5000-க்கு வந்தால் சுழற்சி 9 விழுக்காடுதான் குறைகிறது. சுமையோ கால் பங்கு குறைந்துவிடுகிறது. அந்தச் சிறிய விட்டுக்கொடுத்தலுக்கு இவ்வளவு பெரிய பலன்.

அப்படியானால் இன்னும் குறைத்தால் இன்னும் நல்லதுதானே? இங்கேதான் எண் ஏமாற்றுகிறது. சூழலிலிருந்து பிரித்தெடுத்த சொல்லுக்குப் பொருள் நிலைக்காததுபோல, மேனிஃபோல்டு அழுத்தத்திலிருந்து பிரித்தெடுத்த ஆர்.பி.எம்.முக்கும் பொருள் நிலைக்காது. புரொப்பெல்லரின் கோணத்தை மிகைப்படுத்தி அமைத்த ஊர்தியில் திராட்டிலை முழுதும் திறந்தாலும் சுழற்சி 5000-ஐத் தாண்டாது. அங்கே 4800 என்பது ஏறக்குறைய முழுச் சுமை. மேட்டில் நான்காம் கியரில் திணறும் மோட்டார் சைக்கிளின் நிலைதான் அது: ஒவ்வொரு வெடிப்பும் மெதுவாக நகரும் பிஸ்டனை நீண்ட நேரம் அழுத்துகிறது, வெப்பம் ஏறுகிறது, எரிபொருள் தானாகவே வெடித்து நாக்கிங் உண்டாக வழி பிறக்கிறது, கியர் பெட்டி ஒவ்வொரு அடியையும் வாங்கிக்கொள்கிறது. முழுத் திராட்டிலில் 5200-க்குக் கீழே தொடர்ந்து ஓட்டக்கூடாது என்று தயாரிப்பாளர் எச்சரிப்பது இதனால்தான். முழுத் திராட்டிலில் 5600-ஐ எட்டும்படி கோணம் அமைந்த ஊர்தியில் அதே 4800 மெய்யான ஓய்வு.

இரண்டு ஸ்ட்ரோக் இயந்திரங்களின் காலத்து அறிவுரைகள் இன்னும் வழக்கில் இருப்பது இக்குழப்பத்தைக் கூட்டுகிறது. அவற்றில் மசகெண்ணெய் எரிபொருளோடு சேர்ந்தே வரும். ஆகவே திராட்டிலை மூடி நீண்ட நேரம் இறங்குவது, எண்ணெய் குன்றிய நிலையில் இயந்திரத்தைச் சுழல விடுவதாகும். ரோட்டாக்ஸ் 582-ஐ 300 மணி நேரத்தில் பிரித்துப் பார்க்க வேண்டும். 912-இன் புதிய இயந்திரங்களுக்கு அந்த எல்லை 2000 மணி நேரம். ஒன்றுக்குச் சொன்ன மருந்தை மற்றொன்றுக்குக் கொடுப்பது பொருந்தாது.

வேறொரு சிக்கல் ஜைரோபிளேனுக்கே உரியது. வேகத்தை மிகக் குறைத்தால் ரோட்டாரின் இழுவை கூடி, மெதுவாகப் பறக்கவே அதிகத் திறன் தேவைப்படும். இயந்திரம் கடுமையாக உழைக்கும், குளிர்விக்கும் காற்றோ குறைந்திருக்கும். கோடை நண்பகலில், இருவர் அமர்ந்த ஊர்தியில், எந்தச் சுழற்சி நலமானது என்பதை எண்ணெய் வெப்பமானியே முடிவு செய்யும். 90 முதல் 110 பாகை செல்சியஸ் வரை அதன் இயல்பான இடம். 130 என்பது எல்லை. மிகக் குளிர்ந்த ஓட்டமும் நல்லதன்று: எண்ணெய் ஒருமுறையேனும் 100 பாகையைத் தொடாவிட்டால் அதில் சேரும் நீர் ஆவியாகாமல் தங்கிவிடும்.

‘குரூஸ்’ என்ற சொல் டச்சு மாலுமிகளின் வழக்கிலிருந்து வந்தது. கடலில் குறுக்கும் நெடுக்கும் செல்வதை அது குறித்தது. இலக்கை விரைந்து எட்டுவது அதன் பொருளில் இல்லை. 912 பொருத்திய பெரும்பாலான ஜைரோபிளேன்களுக்கு 4800 முதல் 5200 வரையிலான இடைவெளி அந்தப் பழைய பொருளுக்கு நெருக்கமாக அமைகிறது என்று சொல்லலாம், புரொப்பெல்லர் கோணம் சரியாக அமைந்திருந்தால் மட்டும். அதைச் சோதிக்கும் வழி எளியது: பாதுகாப்பான உயரத்தில், நேர்மட்டமாகப் பறக்கும்போது திராட்டிலை முழுதும் திறந்து, எண் எங்கே நிற்கிறது என்று பார்ப்பது. 5200-ஐ எட்டாவிட்டால் தரையிறங்கி, புரொப்பெல்லர் அலகுகளின் கோணத்தை அரைப் பாகை குறைத்து, எல்லா அலகுகளும் ஒன்றுபோல் இருப்பதை அளந்து உறுதிசெய்து, மறுபடியும் பறந்து பார்க்க வேண்டும்.