கைவேலை

ஜெர்மன் மொழியில் பாஸ்டெல்ன் என்று ஒரு வினைச்சொல் இருக்கிறது. கத்தரிக்கோல், பசை, கலர் காகிதம் வைத்துக்கொண்டு பிள்ளைகள் எதையாவது செய்துகொண்டிருந்தால் அது பாஸ்டெல்ன். என்னுடன் வேலை பார்ப்பவர் சனிக்கிழமை முழுக்க ஒரு பழைய ரேடியோவைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அதுவும் பாஸ்டெல்ன்தான். அவசரத்தில் ஒட்டுப்போட்டு எழுதிய நிரலைப் பார்த்தால் அலுவலகத்தில் இதே சொல்லைக் கொஞ்சம் இளக்காரமாகச் சொல்வார்கள். தமிழில் இதற்கு ஒரு சொல் தேடிப் பார்த்திருக்கிறேன். 'கைத்தொழில்' என்றால் பிழைப்பு உள்ளே வந்துவிடுகிறது. 'பொழுதுபோக்கு' என்றால் பொழுது மட்டும்தான் போகிறது, கைக்கு அதில் வேலையில்லை. 'கைவேலை' பக்கத்தில் வருகிறது. ஆனால் எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் இருந்தது.

நான் இருக்கும் நியூரம்பெர்க் பென்சிலுக்கும் பொம்மைக்கும் பேர்போன ஊர். அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவைத்துவிட்டால் அதற்குப் பிறகு சாயங்காலம் என்ற ஒன்றே கிடையாது. நவம்பரில் நாலரை மணிக்கெல்லாம் இருட்டு. எல்லோரும் வீட்டுக்குள் போய் மேசை விளக்கைப் போட்டுக்கொள்கிறார்கள். அந்த மேசைகளில்தான் பாஸ்டெல்ன் நடக்கிறது. முதலில் கஷ்கொட்டை. சாப்பிடும் வகை இல்லை, பூங்காக்களில் உதிர்ந்து கிடக்குமே, மெருகு போட்ட தேக்குமரம் மாதிரிப் பளபளக்கும் காட்டு வகை. சின்னக் கைத்துளையானால் அதில் ஓட்டை போட்டு, தீக்குச்சியைச் செருகி, மனிதன், குதிரை, முள்ளம்பன்றி என்று செய்து ஜன்னல் விளிம்பில் வரிசையாக வைப்பார்கள். சில வாரங்களில் கொட்டை காய்ந்து சுருங்கும். தீக்குச்சி தளர்ந்து மனிதனுக்குக் கை கழன்று விழும். யாரும் வருத்தப்படுவதில்லை. அடுத்த வருஷம் மரம் மறுபடி உதிர்க்கத்தானே போகிறது.

அதற்கடுத்து நவம்பர் 11, புனித மார்ட்டின் நாள். அதற்காகப் பிள்ளைகளுக்குக் காகித விளக்கு செய்ய வேண்டும். வட்டமான பாலாடைக்கட்டி டப்பாவின் மூடி மேல் வளையம், அடிப்பாகம் கீழ் வளையம், நடுவில் வெளிச்சம் ஊடுருவும் மெல்லிய காகிதம். குச்சியில் தொங்கவிட்டு இருட்டில் பாடிக்கொண்டே ஊர்வலம் போவார்கள். மார்ட்டின் ரோமானியப் படைவீரராக இருந்தபோது, குளிரில் நடுங்கிய பிச்சைக்காரர் ஒருவருக்குத் தன் மேலாடையை வாளால் வெட்டிப் பாதியைக் கொடுத்தார் என்பது கதை. பிறகு தூர் நகரத்தின் ஆயர் ஆகி, 397ல் இறந்தார். அம்மாவுக்கு இந்தக் கதையைச் சொன்னபோது, "ஏன் பாதி? முழுசாவே குடுத்திருக்கலாமே" என்றாள். பிறகு அவளே, "அவனுக்கும் குளிருமில்ல" என்று சமாதானமானாள்.

அம்மா போன இலையுதிர்காலத்தில் திருச்சியிலிருந்து வந்து தொண்ணூறு நாள் எங்களோடு இருந்தாள். பெட்டியில் பருப்புப்பொடி, நார்த்தங்காய் ஊறுகாயோடு மஞ்சளும் அரக்குமாக இரண்டு கட்டு கூடை ஒயர். "கை சும்மா இருக்காதுடா" என்றாள்.

எங்கள் வீட்டில் கைவேலை என்றால் ஒயர் கூடை. அப்பா வேலை பார்த்த பட்டறையில் சம்பளம் என்றைக்கு வரும் என்று யாருக்கும் தெரியாத வருஷங்களில், அம்மா கூலிக்குக் கூடை போட்டாள். ஒயரைக் கடைக்காரர் கொடுத்துவிடுவார். கூடைக்குப் பன்னிரண்டு ரூபாய், 1996 வாக்கில். கையை அகட்டி முழம் போட்டு ஒயரை வெட்டுவாள். முதலில் அடிப்பாகம், பிறகு சுற்றுச்சுவர், விளிம்பை மடித்துச் செருகுவது, கடைசியில் கைப்பிடி. சாதா முடிச்சு, பிஸ்கட், நெல்லிக்காய், சிவன் கண் என்று வகைக்கு ஒரு பெயர் உண்டு. கடைக்காரருக்குப் பெரும்பாலும் சாதா முடிச்சே போதும். நெல்லிக்காய்க்கு ஒயரும் நேரமும் அதிகம், கூலி மட்டும் பெரிதாக ஏறாது. ஐப்பசி மழையில் வெளியே போக முடியாத நாட்களில் இரண்டு கூடை கூடுதலாக முடியும். என் கணக்கு டியூஷனுக்கு மாதத்தில் இத்தனை கூடை என்று ஒரு கணக்கு இருந்தது. அவள் வலது ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில் ஒயர் அறுத்த தடம் இன்றைக்கும் தடவினால் தெரியும்.

கையால் எதையாவது செய்தால் மனம் அமைதியாகும் என்று இப்போது நிறையப் பேர் எழுதுகிறார்கள். நாள் முழுக்கத் திரையைப் பார்த்துக் கண் எரியும் என்னைப் போன்றவர்களுக்கு அது உண்மைதான். பாப்பாவோடு கஷ்கொட்டையில் ஓட்டை போடும் அரைமணி நேரத்தில் எனக்குச் சர்வர் ஞாபகம் வருவதில்லை. ஆனால் அப்படி எழுதுகிறவர்களில் அதே வேலையைக் கூலிக்குச் செய்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று சந்தேகம் வருகிறது. ஜெர்மனியில் எட்டு மணி நேர வேலைநாள் 1918 நவம்பரில்தான், போரும் முடியாட்சியும் ஒன்றாக விழுந்த அந்த மாதத்தில்தான், ஆணையாக வந்தது. வேலை முடிகிற நேரம் என்று ஒன்று இருந்தால்தான் அதற்குப் பிறகு பாஸ்டெல்ன். அம்மாவின் கைவேலையோ மற்ற எல்லா வேலையும் முடிந்த பிறகு தொடங்கும் வேலை.

நியூரம்பெர்க்கிலிருந்து வடக்கே துரிங்கியாவில் ஸோன்னபெர்க் என்று ஒரு சிறு நகரம். பொம்மைகளால் உலகம் முழுக்கப் பெயர் வாங்கிய ஊர். 1901ல் தொடங்கிய பொம்மை அருங்காட்சியகம் அங்கே இருக்கிறது. பாப்பாவுக்காகத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயிலேறினோம். 1910ல் பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சிக்காகச் செய்த ஒரு திருவிழாக் காட்சி அங்கே முழுசாக நிற்கிறது. காகிதக்கூழ் பொம்மைகளைப் பார்த்ததும் அம்மா, "நம்ம கொலு பொம்மை மாதிரியே இருக்குடா" என்று கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டாள். அந்த ஊர் பொம்மைகளும், பக்கத்து லௌஷாவின் கிறிஸ்துமஸ் கண்ணாடி உருண்டைகளும் பெரும்பாலும் தொழிற்சாலையில் பிறந்தவை இல்லை, வீடுகளில் பிறந்தவை. ஒரு வீட்டில் தலை, இன்னொரு வீட்டில் கைகால், வேறொரு வீட்டில் கண். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகளும் உட்கார வேண்டும். செய்து முடித்ததைப் பெண்கள் முதுகுக் கூடையில் சுமந்துகொண்டு போய் நகரத்து வியாபாரியிடம் கொடுப்பார்கள்.

முதுகில் கூடையோடு நிற்கும் பெண்ணின் படத்துக்கு முன்னால் அம்மா ரொம்ப நேரம் நின்றாள். முதலில் கூடையின் பின்னலைத்தான் பார்க்கிறாள் என்று நினைத்தேன்.

"டஜனுக்குக் கூலியா, உருப்படிக்கா?"

"டஜனுக்கும்மா."

"அப்போ கொண்டுபோற வழியில ஒண்ணு உடைஞ்சா?"

அது அந்தப் பலகையில் எழுதியிருக்கவில்லை.

ரயிலில் திரும்பும்போது கேட்டேன், கூடை போடுவது உனக்குப் பிடித்திருந்ததா என்று. இத்தனை வருஷத்தில் ஒருமுறையும் கேட்டதில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று எனக்குள் ஒன்றைத் தயாராக வைத்திருந்தேன், கஷ்டம், விரல் வலி, வேறு வழியில்லை என்று. அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "சாதா முடிச்சு பிடிக்காது. சிவன் கண் பிடிக்கும். அதை எங்க போட விட்டாங்க" என்றாள். பிறகு பாப்பாவுக்கு ஆரஞ்சு உரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

விளக்கு செய்யும் மாலைக்குப் பாப்பாவின் பாலர் பள்ளியில் பெற்றோரைக் கூப்பிட்டிருந்தார்கள். முழங்கால் உயர நாற்காலிகளில் பெரியவர்கள் மடங்கி உட்கார்ந்து பாலாடைக்கட்டி டப்பாக்களில் காகிதம் ஒட்டிக்கொண்டிருந்தோம். அங்கே வைத்திருந்த பசையை அம்மா விரலில் தொட்டுப் பார்த்து, "நம்ம மைதாப் பசைதான், கெட்டி பத்தாது" என்றாள். அவள் காகிதத்தைத் தொடவேயில்லை. டப்பா மூடியைச் சுற்றி மஞ்சளும் அரக்குமாக ஒயரைக் கோத்துக்கொண்டு, வெளிச்சம் கசியும்படி நடுவே இடம் விட்டு, சிவன் கண் முடிச்சில் இறக்கிக்கொண்டே போனாள். இப்போதெல்லாம் உள்ளே மெழுகுவர்த்தி இல்லை, பேட்டரி பல்புதான். அதனால் ஒயர் உருகும் என்ற பயமில்லை. ஒன்றரை மணி நேரத்தில் பாதிதான் முடிந்தது. மிச்சத்தை வீட்டில் மூன்று ராத்திரி உட்கார்ந்து முடித்தாள். இரண்டாம் நாள் ஒரு வரிசை பிடிக்கவில்லை என்று அவளே பிரித்தாள். கூலிக் கூடையில் அவள் ஒரு வரிசையைக்கூடப் பிரித்து நான் பார்த்ததில்லை. பிரித்தால் அந்த நேரம் நஷ்டம்.

ஊர்வலத்தன்று பல்பைப் போட்டதும், முடிச்சுகளின் நிழல் பாதை முழுக்கக் கட்டம் கட்டமாக விழுந்தது. பாப்பா நடக்க நடக்க அதுவும் கூடவே ஆடிக்கொண்டு போனது. அவள் தோழியின் அம்மா பக்கத்தில் வந்து விளக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இந்த ஊரில் யார் எதைச் செய்தாலும் சொல்லும் பாராட்டு ஒன்று உண்டு. அதைத்தான் அவரும் சொன்னார்: இதை நீங்கள் விற்கலாமே, நாற்பது யூரோ கொடுத்து நானே வாங்கிக்கொள்வேன். விற்கலாமே என்பதுவரைதான் நான் மொழிபெயர்த்தேன். அம்மா விலையைக் கேட்கவில்லை. "விக்கிறதுக்கு இல்லேன்னு சொல்லு" என்றாள். சொன்னேன்.

வீட்டுக்குப் போகும் டிராமில் பாப்பா தூங்கிவிட்டாள். விளக்கு அம்மாவின் மடியில் இருந்தது.

"எவ்வளவு குடுக்கிறேன்னா?"

"நாற்பது யூரோ. நம்ம காசுல நாலாயிரம் பக்கம்."

கட்டைவிரலால் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டுக்கொண்டே போனாள். வாய் அசைந்தது.

"முந்நூத்தி முப்பது கூடை. வாரத்துக்கு அஞ்சுன்னா, ஒண்ணேகால் வருஷம்."

இரண்டு நிறுத்தம் கடந்தது.

"விக்கிறதில்லைன்னுதானே சொன்னே?"

"ஆமாம்மா."

"சரி. அடுத்த தடவை நாலு கட்டா எடுத்துட்டு வரேன்."