பழைய காமிராக்களும் ஒரு பதிவேடும்

பங்குக் குருவின் அறையில் செபநூல்களும் திருமுழுக்குப் பதிவேடுகளும் இருப்பது இயல்பு. முப்பத்தேழு பழைய காமிராக்கள் இருப்பானேன் என்று குத்தாலத்திற்கு வரும் அன்பர்கள் கேட்பதுண்டு. சிலர் விலையையும் விசாரிப்பர். பெரும்பாலானவை விலைபோகாதவை. கைப்பேசியிலேயே படம் எடுக்கும் வழக்கம் வந்தபின், பரணிலிருந்து இறங்கிப் பழைய இரும்புக் கடைக்குப் புறப்பட்டவை. “சாமி, வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள்” என்று குடும்பத்தார் கொண்டுவந்து கொடுத்தவை.

நான் காசு கொடுத்து வாங்கியது ஒன்றே: ஆலப்புழையில் செய்யப்பட்ட வாகீசுவரி. 1940-களில், இசைக் கருவிகள் செய்யும் குடும்பம் ஒன்றிடம், கெட்டுப்போன காமிராத் துருத்தியைச் சீர்செய்யக் கொடுத்தார் ஒரு புகைப்படக்காரர். ஆர்மோனியத்திற்கும் துருத்தி உண்டல்லவா? அவ்வேலையைச் செய்து முடித்த கருணாகரன் என்பார் முழுக் காமிராவையே செய்யத் துணிந்தார். அவருடைய மரக் காமிராக்கள் நம் நாட்டு ஸ்டூடியோக்கள் பலவற்றை அலங்கரித்தன. பழைய திருமணப் படங்களில் மணமக்கள் விறைத்து நிற்பது, கறுப்புத் துணிக்குள் தலையைப் புகுத்திய அம்மனிதருக்கு அஞ்சியே என்று எண்ணுகிறேன்.

காமிராவுக்கும் குருவுக்கும் என்ன உறவு என்று கேட்போருக்கு ஹானிபல் குட்வினைச் சொல்வேன். அவர் அமெரிக்காவின் நியூவர்க் நகரில் பணியாற்றிய எபிஸ்கோப்பல் சபைக் குரு. மறைக்கல்வி வகுப்பில் விவிலியப் படங்களைக் காட்ட அந்நாளில் கண்ணாடித் தகடுகளே இருந்தன, அவை உடையும். உடையாத, வளையும் பொருளைத் தேடி, செல்லுலாய்டில் படச்சுருள் செய்யும் முறையைக் கண்டு, 1887-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். உரிமை கிடைத்தது 1898-இல். 1900-இல் அவர் இறந்தார். ஈஸ்ட்மன் கோடக் நிறுவனத்தின் மீது தொடுக்கப்பட்ட வழக்கில் 1914-இல் அவர் பக்கமே தீர்ப்பாகி, ஐம்பது இலட்சம் டாலர் கிடைத்தது, பெற்றவர்கள் பிறர். நம் வீட்டுத் திருமணங்களும் புதுநன்மைகளும் ஒரு நூற்றாண்டுக் காலம் சுருளில் பதிந்தன. அச்சுருளுக்கு வழிகோலியவர்களுள் ஒருவர் மறைக்கல்விப் படங்களுக்காக உழைத்த குரு என்பதில் எனக்குச் சற்றுப் பெருமைதான். அவர் நம் சபையினர் அல்லர் எனினும்.

காமிராக்களைவிட நான் பேணுவது அவற்றிற்கான பதிவேட்டை. பதிவேடு எழுதும் முறையைக் குருமடத்தில் கற்றோம்: யார், யாருடைய மக்கள், எந்நாள், சாட்சிகள் யார். காமிராக்களுக்கும் அவ்வாறே எழுதுகிறேன். வாங்கியவர் யார், எதற்காக வாங்கினார், முதலில் யாரைப் படம் பிடித்தார், கடைசியாக யாரை? “தாத்தாவுடையது” என்பதற்கு மேல் பேரனுக்குத் தெரிவதில்லை. பாட்டி உயிரோடு இருந்தால் அவரிடம் சென்று கேட்டு எழுதுவேன். இப்பணிக்கு அவசரம் உண்டு. ஐந்து காமிராக்களுக்கு நேரே இன்னும் வெற்றிடமே இருக்கிறது. சொல்லக்கூடியவர்களை நானே கல்லறையில் அடக்கம் செய்துவிட்டேன்.

காவிரிக் கரையின் ஈரம் வேறோர் எதிரி. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் லென்சில் பூஞ்சை நரம்பு நரம்பாகப் படரும். பிறகு துடைத்தாலும் கண்ணாடியில் வடு நிற்கும். தோலுறையைத் தனியே எடுத்துவிட வேண்டும்; பூஞ்சை அதில்தான் குடியிருக்கும். காற்றுப்புகா டப்பாவில் சிலிக்கா ஜெல் மணிகளை இட்டு வைக்கிறேன். அது தீர்ந்த நாள்களில், நன்கு வறுத்து ஆறவைத்த அரிசியைத் துணியில் கட்டி வைப்பேன். நெல் விளையும் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை.

பதிவேட்டின் இருபத்திரண்டாம் எண், பரோடாவில் தயாரான ஆக்பா கிளிக் III. ஒரு சுருளில் பன்னிரண்டு சதுரப் படங்கள். கணவரை இழந்த மூதாட்டி ஒருவர் கொணர்ந்தார். பின்புறச் சிவப்புச் சாளரத்தில் 9 என்ற எண் தெரிந்தது. உள்ளே சுருள் இருந்தது. 1985-ஆம் ஆண்டு வேளாங்கண்ணித் திருவிழாவில் அவர்தம் ஆறு வயது மகளைக் கணவர் அதில் படம் பிடித்திருக்கிறார். அவ்வாண்டு மார்கழியில் காய்ச்சலில் குழந்தை இறந்தது. மீதிப் படங்களை எடுக்கவும் சுருளைக் கழுவக் கொடுக்கவும் தந்தைக்கு மனம் வரவில்லை. குழந்தைக்கு வேறு படமே கிடையாது.

நான் அறிந்ததை அப்படியே சொன்னேன். ஒளி பட்ட வெள்ளி உப்பில் கண்ணுக்குத் தெரியாத பதிவு இருக்கும். மருந்தில் இட்டால்தான் உருவம் எழும். நாற்பதாண்டு வெப்பத்தில் அது மங்கியிருக்கலாம். மூட்டம் மட்டுமே எஞ்சியிருக்கலாம். கறுப்பு வெள்ளைச் சுருளைக் கழுவித் தருவோர் இன்றும் இருக்கின்றனர். ஒருமுறைதான் கழுவ முடியும்.

அம்மையார் நெடுநேரம் காமிராவைப் பார்த்துக்கொண்டிருந்தார். “ஒன்றும் வராவிட்டால், சாமி?” என்றார். நான் மறுமொழி கூறவில்லை. “இப்போது திறக்க வேண்டாம்” என்றார்.

பதிவேட்டில் அவ்வாறே எழுதியிருக்கிறேன்: “சுருள் உள்ளே. எண் 9. தாய் சொல்லும்வரை திறக்கலாகாது.” எனக்குப்பின் இப்பங்கிற்கு வரும் குருவுக்காக அதைச் சிவப்பு மையில் எழுதினேன். மழைக்காலத்தில் ஞாயிறு திருப்பலி முடிந்ததும் அவர் வருகிறார். டப்பாவைத் திறந்து மணிகளின் நிறம் மாறியிருக்கிறதா என்று இருவரும் பார்க்கிறோம்.