குடியிருந்தவர்கள் உட்கார்ந்தார்களா?

ஜவ்வாது மலைப் பக்கத்துப் பையம்பள்ளி அகழாய்வைப் பற்றிப் படிக்கும்போதுதான் 'செடன்டரி' என்ற சொல் என்னைப் பிடித்துக்கொண்டது. சர்க்கரை நோயாளிகளிடம் டாக்டர்கள் சொல்கிற அதே சொல். உட்கார்ந்தே கழிக்கும் வாழ்க்கை என்று அவர்கள் அதற்குப் பொருள் சொல்வார்கள். கல்கோடரி பிடித்துக் காடு திருத்திய புதிய கற்கால மக்களுக்கு அந்தச் சொல் எப்படி வந்து சேர்ந்தது?

வேர் லத்தீனில் இருக்கிறது. 'செதேரே' என்றால் உட்கார்தல். சதஸ், உபநிஷத் என்ற வடசொற்களில் இருக்கும் 'சத்' அதற்கு உறவு. ஐரோப்பாவில் அது இரண்டு பக்கமாகக் கிளைத்திருக்கிறது. ஒரு கிளை மருத்துவர்களுடையது. 1700இல் இத்தாலிய மருத்துவர் ராமாசினி தொழில்நோய்கள் பற்றி எழுதிய நூலில், உட்கார்ந்தே வேலை செய்யும் தையல்காரர்களையும் செருப்புத் தைப்பவர்களையும் கவனித்து எழுதினார். 1953இல் ஜெரி மாரிஸ் லண்டன் மாடிப் பேருந்துகளை எடுத்துக்கொண்டார். நாள் முழுக்கப் படியேறி இறங்கிய கண்டக்டர்களைவிட, உட்கார்ந்து ஓட்டிய டிரைவர்களுக்கு இதயநோய் அதிகம் என்று காட்டினார். ஒரே பேருந்து, ஒரே தெரு. வேறுபட்டது உடலின் உழைப்பு. இந்த ஆய்வை நான் எத்தனை முறை படித்தாலும் வியக்கிறேன்.

இன்னொரு கிளை, இடம் பெயராமல் தங்குவது. வலசை போகாத பறவைக்கும் அலையாத குடிக்கும் அதே சொல்தான்.

தமிழிலும் இப்படி ஒன்று உண்டு. 'இரு' என்றால் உட்கார். தங்கு என்றும் பொருள். அதிலிருந்து இருக்கையும் வந்தது, குடியிருப்பும் வந்தது. முல்லைத் திணைக்கு உரிப்பொருளே இருத்தல்தான். உடம்பு உட்காருவதை மட்டும் சொல்ல வட ஆற்காட்டில் 'குந்து' என்ற தனிச்சொல் இருக்கிறது. குடியிருப்பதும் குந்தியிருப்பதும் இங்கே குழம்பவில்லை.

பையம்பள்ளியை 1960களில் எஸ். ஆர். ராவ் தலைமையில் மத்தியத் தொல்லியல் துறை தோண்டியது. தரையில் குழி வெட்டி, மேலே கூரை போட்டு வாழ்ந்த வீடுகளின் தடம் கிடைத்தது. கருகிய கொள்ளும் பச்சைப்பயறும் கிடைத்தன. தொல்லியலாளருக்கு இவைதான் நிலைத்த குடிக்குச் சான்று. என் கண்ணுக்கு அவை உழைப்பின் சான்றாகவும் படுகின்றன. குழி வெட்டியது யார்? காட்டை அழித்து, விதைத்து, பறவை விரட்டி, அறுத்துச் சுமந்தது யார்? அலைவதை விட்டதால் அவர்கள் நடை குறைந்திருக்கலாம். உழைப்பு குறைந்திருக்காது.

ஜவ்வாது மலையின் மலையாளி மக்கள், முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்ததாகச் சொல்லும் வழக்கம் உண்டு. வந்து குடியிருந்தார்கள், சாமையும் கேழ்வரகும் விதைத்தார்கள். சாமையை உரலில் நின்று குத்த வேண்டும். கேழ்வரகை ஏந்திரத்தின் முன் குந்தி அரைக்க வேண்டும். பெண் குந்தித்தான் அரைக்கிறாள், தோளும் கையும் இடுப்பும் சேர்ந்து கல்லைச் சுழற்றுகின்றன.

அவளை 'செடன்டரி' என்று எழுத முடியுமா? 2012இல் ஆய்வாளர்கள் தந்த வரையறையைத் தேடிப் பார்த்தேன். விழித்திருக்கும் நேரத்தில், உட்கார்ந்தோ சாய்ந்தோ, ஓய்வில் உடல் செலவிடும் சக்தியின் ஒன்றரை மடங்கைத் தாண்டாத நிலைக்கு மட்டுமே அந்தப் பெயர். ஏந்திரம் சுற்றும் பெண் அந்தக் கணக்கில் வரமாட்டாள்.