மாடும் மேயலாம், மனிதரும் தங்கலாம்: ஃபிளாக்ஸ்டாஃப் காட்டில் இரண்டு இரவு

தேனி மாவட்டம் வருசநாட்டுப் பக்கம் மூன்று ஏக்கர் மானாவாரி நிலமும் கொஞ்சம் மலைமாடும் வைத்திருப்பவர் அவர். ஒரு செப்டம்பர் கடைசியில் அமெரிக்காவில் மகள் வீட்டில் இருந்தார். மகளும் மருமகனும் வேலை பார்ப்பது அரிசோனா மாநிலத்தின் ஃபீனிக்ஸ் நகரில். அது பாலைவன ஊர். செப்டம்பரிலும் வெயில் தணியாது. "ஏசிக்குள்ளேயே எத்தனை நாளைக்கு உட்கார்ந்திருக்கிறது தாயி? மரம், மண்ணு இருக்கிற பக்கம் கூட்டிட்டுப் போ" என்று அவர் கேட்டதில்தான் இந்தப் பயணம் தொடங்கியது.

ஃபீனிக்ஸிலிருந்து வடக்கே சுமார் 230 கிலோமீட்டரில் இருக்கிறது ஃபிளாக்ஸ்டாஃப். ஃபீனிக்ஸ் கடல் மட்டத்திலிருந்து 1,100 அடி உயரம் என்றால், இது ஏறக்குறைய 7,000 அடி. போகப் போக ஆளுயரத்தைத் தாண்டிய கள்ளிகள் மறைந்து புதர்க்காடு வரும். பிறகு இரண்டு பக்கமும் பாண்டரோசா பைன் மரங்கள். வயதான மரத்தின் பட்டை மஞ்சளும் ஆரஞ்சுமாக இருக்கும். வெயில் ஏறியதும் மூக்கை வைத்து முகர்ந்தால் வெனிலா வாசம் அடிக்கும். ஊருக்கு வடக்கே 12,633 அடி உயர ஹம்ஃப்ரீஸ் சிகரம். இந்த மலையும் சுற்றியுள்ள நிலமுமாக 18 லட்சம் ஏக்கருக்கு மேல் பரந்திருப்பது கொக்கொனினோ தேசியக் காடு. 1908-ல் அறிவிக்கப்பட்டது.

வேளாண்மைத் துறையின் காடு

அமெரிக்காவில் தேசியப் பூங்கா வேறு, தேசியக் காடு வேறு. பூங்காக்கள் உள்துறையிடம் இருக்கின்றன. அங்கே கட்டுப்பாடு அதிகம். தேசியக் காடுகளைப் பார்த்துக்கொள்ளும் வனச் சேவைத் துறை, 1905 முதல் வேளாண்மைத் துறையின் கீழ் இயங்குகிறது. மொத்தம் 154 காடுகள், சுமார் 19 கோடி ஏக்கர். மரம், தண்ணீர், மேய்ச்சல், வனவிலங்கு, மக்களின் பொழுதுபோக்கு எல்லாவற்றுக்கும் இந்தக் காடு பயன்பட வேண்டும் என்று 1960-ல் தனிச் சட்டமே போட்டார்கள்.

அதனால்தான் பெரும்பாலான தேசியக் காடுகளில் காசு கட்டாமல், முன்பதிவு செய்யாமல் கூடாரம் போட்டுத் தங்கலாம். இதை 'டிஸ்பெர்ஸ்டு கேம்பிங்' என்கிறார்கள். கழிப்பறை, குழாய், கரண்ட், குப்பைத்தொட்டி எதுவும் இருக்காது. வேனிலேயே வீடு மாதிரி அமைத்துக்கொண்டு இப்படித் தங்குவதற்கு 'பூண்டாக்கிங்' என்று பேச்சுப் பெயர். மலையைக் குறிக்கும் பிலிப்பைன்ஸ் நாட்டுச் சொல்லிலிருந்து வந்தது அது.

இலவசம் என்பதால் கேள்வி இல்லை என்று நினைக்க வேண்டாம். கொக்கொனினோவில் 30 நாளில் 14 நாளுக்கு மேல் தங்கக் கூடாது. வனத்துறை வரைபடத்தில் குறித்துள்ள சாலைகளின் ஓரத்தில்தான் வண்டியைக் காட்டுக்குள் இறக்கலாம். அதுவும் 300 அடி வரைதான். ஏற்கெனவே ஆட்கள் தங்கிய வெற்றிடத்தையே பயன்படுத்த வேண்டும். மலம் கழிக்க ஆறு முதல் எட்டு அங்குல ஆழத்துக்குக் குழி தோண்டி மூட வேண்டும். அந்தக் குழி ஓடையிலிருந்து 200 அடி தள்ளி இருக்க வேண்டும். கொண்டுபோன குப்பை வீட்டுக்கே திரும்ப வேண்டும். நெருப்பு மூட்டலாமா என்பதை அந்தந்த வாரம் வனத்துறை அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். காய்ந்த மாதங்களில் முழுத் தடை இருக்கும். அந்த வாரம் தடை இல்லை.

குட்டையும் மாட்டுத் தடமும்

மூன்று இரவு தங்குவதாகத் திட்டம். ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் கணக்குப் போட்டு, அதற்கு மேலும் கொஞ்சம் சேர்த்து, கேன்களில் 70 லிட்டர் தண்ணீர் ஏற்றியிருந்தார் மருமகன். 180-ம் நெடுஞ்சாலையிலிருந்து மண் சாலையில் இறங்கிச் சிறிது தூரம் போனதும் ஒரு புல்வெளி, அதன் ஓரத்தில் ஒரு குட்டை. பேரனுக்கு இடம் பிடித்துவிட்டது. மருமகன் கூடாரப் பையை இறக்கினார்.

பெரியவர் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டே குட்டையைச் சுற்றி வந்தார். சாணி கிடந்தது. புல்லுக்கு நடுவே ஒற்றையடியாக ஒரு தடம் குட்டைக்கு வந்து முடிந்தது.

"மாப்ள, இது மாடு தண்ணிக்கு இறங்குற தடம். நாம இங்க படுத்தா அது மனுச வாடைக்கு மிரண்டு தண்ணி குடிக்காமத் திரும்பிரும். தள்ளிப் போயிருவோம்."

"காட்டுக்குள்ள யார் மாமா மாடு வளர்க்கப் போறாங்க?"

மகள் செல்போனில் இறக்கி வைத்திருந்த விதிகளைப் படித்தார். அப்பா சொன்னது சரியாக இருந்தது. வனவிலங்குக்கோ கால்நடைக்கோ பக்கத்தில் வேறு தண்ணீர் இல்லாத இடத்தில், அந்த நீர்நிலைக்குக் கால் மைல் தூரத்துக்குள், அதாவது 400 மீட்டருக்குள், மறித்துத் தங்குவது அரிசோனா சட்டப்படி குற்றம். கூடாரம் அரை மைல் தள்ளிப் போனது.

கால்நடைக்காக மண் அணைத்து வெட்டிய இந்தக் குட்டைகளுக்கு அங்கே 'டேங்க்' என்றுதான் பெயர். நம் கண்மாயை ஆங்கிலத்தில் எழுதும்போது போடும் அதே சொல்.

மாடு காட்டில் எப்படி வந்தது? பண்ணைக்காரர்கள் வனத்துறையிடம் அனுமதிச் சீட்டு வாங்கி மேய்க்கிறார்கள். பெரும்பாலும் பத்தாண்டுச் சீட்டு. எத்தனை மாடு, எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை, எந்தப் பகுதி என்று எழுதியிருக்கும். பசுவும் கன்றும் சேர்ந்து ஓர் அலகு. ஆடு என்றால் ஐந்து. ஓர் அலகுக்கு ஒரு மாதக் கட்டணம் 2019 முதல் 2025 வரை 1.35 டாலராக இருந்தது. புல் தேய்ந்தால் எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்ல வனத்துறைக்கு அதிகாரம் உண்டு.

இதை மகள் சொல்லக் கேட்டதும் பெரியவர் வெகுநேரம் பேசவில்லை. 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழகக் காடுகளில் கால்நடை மேய்ச்சலுக்குத் தடை விதித்ததும், அதே மாதத்தில் அதைத் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகியவற்றோடு நிறுத்திக்கொண்டதும் மலைமாடு வைத்திருப்போருக்கு நன்றாக நினைவிருக்கும். மேகமலை புலிகள் காப்பகமாகிவிட்டதால், அவரைப் போன்றவர்களுக்கு அந்த மாற்றம் பெரிய ஆறுதல் தரவில்லை. அவர் தொழுவில் 40 உருப்படி இருந்த இடத்தில் இப்போது இருப்பது 9.

"இத்தனை மாடு, இத்தனை மாசம்னு எழுதிக் கொடுத்தா நாங்களும் கட்டுப்பட்டு இருந்திருப்போமே தாயி" என்றார். அங்கும் பூசல் இல்லாமல் இல்லை. மேய்ச்சல் அதிகம் என்று ஒரு தரப்பும், கெடுபிடி அதிகம் என்று பண்ணைக்காரர்களும் நீதிமன்றப் படி ஏறுவது வழக்கம்தான் என்று மகள் சொன்னார்.

பக்கத்து இடத்துப் புகை

இரவில் குளிர் கடுமையாக இருந்தது. எல்க் என்னும் பெரிய மான் இனத்துக்கு அது இணைசேரும் பருவம். ஆண் மான் ஊதல் போலக் கூவும் சத்தம் விடிய விடியக் கேட்டது. மறுநாள் காலை குட்டைப் பக்கம் 17 மாடுகள் வந்து தண்ணீர் குடித்ததைப் பேரன் தூரத்திலிருந்தே எண்ணினான்.

இரண்டாவது இரவு கழிந்த காலையில்தான் அது நடந்தது. சற்றுத் தள்ளித் தங்கியிருந்த வேன் விடியும் முன்பே போய்விட்டிருந்தது. பெரியவர் அந்தப் பக்கம் நடந்தபோது, கல் வட்டத்துக்குள் சாம்பல் வெள்ளையாகக் கிடந்தது. பார்வைக்கு அணைந்த அடுப்புதான். புறங்கையைக் கிட்டே கொண்டுபோனார், சூடு அடித்தது. குச்சியால் கிளறினார். அடியில் செக்கச் சிவந்த தணல். காற்று மேற்கிலிருந்து எழும்பத் தொடங்கியிருந்தது. பத்தடி தூரத்தில் காய்ந்த பைன் ஊசிச் சருகு.

2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத்தீ 20-க்கும் மேற்பட்டவர்களைப் பலிகொண்டதை அறிந்த மாவட்டத்துக்காரர் அவர். போட்ட சத்தத்தில் மருமகன் மண்வெட்டியோடு ஓடி வந்தார். குட்டையில் அந்த ஆண்டு மழை குறைவால் சேறுதான் அதிகம். கேனை முக்க வழியில்லை. குடிக்க வைத்திருந்த தண்ணீரைத்தான் ஊற்றினார்கள். ஊற்றுவது, கிளறுவது, மறுபடி ஊற்றுவது. வெறுமனே மண்ணை மூடினால் போதாது. அடியில் தணல் மணிக்கணக்காகக் கனன்று வேர் வழியாகவும் நகரும். முக்கால் மணி நேரம் ஆனது. கடைசியில் பெரியவர் சாம்பலுக்குள் கையை விட்டுப் பார்த்தார். குளிர்ந்திருந்தது. 25 லிட்டரில் மிச்சம் 3 லிட்டர். மூன்றாவது இரவு கிடையாது என்றானது. பேரன் அழுதான்.

ஒரு அடுப்பின் விலை

திரும்பும்போது 89-ம் நெடுஞ்சாலைப் பக்கம் சுற்றி வந்தார்கள். மலையின் கிழக்குச் சரிவு மொட்டையாக, கருகிய கம்பங்கள் நட்டது போல நின்றது. மகள் வண்டியை ஓரம் கட்டச் சொல்லி அந்தக் கதையைச் சொன்னார்.

2010 ஜூன் 20 அன்று, தங்கியவர்கள் அணைக்காமல் விட்டுப்போன ஓர் அடுப்பிலிருந்து ஷுல்ட்ஸ் தீ பிடித்தது. 15,000 ஏக்கர் எரிந்தது. வீடுகள் எரியாமல் தப்பின. ஆனால் சரிவில் மழையைத் தாங்க இலையும் சருகும் இல்லை; வெந்த மண் தண்ணீரை உறிஞ்சவில்லை. சரியாக ஒரு மாதம் கழித்து, ஜூலை 20 அன்று கொட்டிய மழை சாம்பலையும் கல்லையும் கட்டையையும் சேர்த்து அடிவாரத்துக்கு உருட்டிக்கொண்டு வந்தது. 12 வயதுச் சிறுமி ஒருத்தி அதில் அடித்துச் செல்லப்பட்டு இறந்தாள். 2022 ஜூனில் அதே மலையில் மறுபடியும் தீ. காட்டில் தங்கியிருந்த ஒருவர் கழிப்பறைத் தாளைக் கொளுத்தியதிலிருந்து தொடங்கியது என்று அதிகாரிகள் தெரிவித்தார்கள். 26,000 ஏக்கருக்கு மேல் எரிந்தது. அந்த மழைக்காலத்திலும் ஃபிளாக்ஸ்டாஃப் தெருக்களில் வெள்ளம் புகுந்தது.

பெரியவர் கீழே இருந்த வீடுகளையும், வெள்ளத்தைத் திருப்பி விட வெட்டிய வாய்க்கால்களையும் பார்த்தபடி நின்றார். பேரன் அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"தாத்தா, நாம ஊத்துன தண்ணி போதுமா?"

"தொட்டுப் பார்த்துட்டுத்தானே சாமி வந்தோம். போதும்."

அவர் விரல் இடுக்கில் சாம்பல் இன்னும் ஒட்டியிருந்தது. கழுவுவதற்கு ஊருக்குள் போய்த்தான் தண்ணீர் வாங்கினார்கள்.