கல்காலில் ஏறும் கள்ளி

மதுரையிலிருந்து அழகர்கோவில் சாலையில் சுமார் 20 கிலோமீட்டர் போனால் மலையடிவாரம். இங்கே வீட்டுத் தோட்டம் என்றால் மா, கொய்யா, முருங்கை, ஓரத்தில் நாலு மல்லிகைச் செடி. இப்போது சில வீடுகளில் டிராகன் பழமும் சேர்ந்திருக்கிறது. அப்படி ஒரு தோட்டத்தைப் பார்க்க ஆடி மாதத்து மாலையொன்றில் போயிருந்தேன். செடிகளைப் பராமரிப்பவர் மல்லிகைத் தோட்டங்களில் கவாத்துப் பார்த்துப் பழகிய ஓர் அம்மா.

"கள்ளிதானே, தானா வளந்துரும்னு நெனைக்கிறாங்க. வளரும்யா. காய்க்காது" என்றார்.

அப்படி நினைப்பதற்குக் காரணம் உண்டு. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த சப்பாத்திக்கள்ளி, தானாகவே பரவித் தென்னிந்திய மேய்ச்சல் நிலங்களை மூடியது. அதை அடக்க 1926-இல் இலங்கையிலிருந்து கொச்சினீல் பூச்சியைக் கொண்டுவந்து விடவேண்டியிருந்தது. டிராகனும் அதே குடும்பம்தான். ஆனால் மத்திய அமெரிக்கக் காடுகளில் மரத்தைப் பற்றி, அரைநிழலில் ஏறி வளர்ந்த கொடி அது. 40 டிகிரியைத் தொடும் மதுரைக் கோடையில் நிழல் இல்லாமல் விட்டால் தண்டு வெளிறி, மஞ்சளாகி, பிறகு அழுகும். அதனால்தான் இங்கே பங்குனி பிறந்ததும் மேலே பச்சை வலை கட்டிவிடுகிறார்கள்.

மரத்துக்குப் பதிலாகக் கல்கால். ஆளுயரக் காலின் தலையில் குறுக்காக இரண்டு கம்பி, அதன்மேல் பழைய பைக் டயர். காலைச் சுற்றி நாலு கன்று. ஓரடி நீளத் தண்டை வெட்டி, வெட்டுவாய் காயும்வரை சில நாள் நிழலில் போட்டுவைத்து, அடிப்பக்கம் மாறாமல் நடவேண்டும். ஈரவாயோடு நட்டால் அழுகிவிடும். செம்மண்ணில் மணலும் மக்கிய எருவும் கலந்து, தண்ணீர் தேங்காதபடி மேடாக அணைத்திருந்தார். மாடியில் வைப்பவர்களுக்குப் பெரிய தொட்டியும் அடியில் தாராளமான துளைகளும் வேண்டும். ஐப்பசி அடைமழையில் வேரடியில் தண்ணீர் நின்றால் செடி தாங்காது.

டயரைத் தொடும்வரை ஒரே தண்டுதான். பக்கத்தில் முளைப்பதையெல்லாம் அம்மா விரலாலேயே கிள்ளிப்போட்டார். புதுத் தண்டைக் கல்லோடு சேர்த்துத் துணிக்கிழிசலால் தளர்வாகக் கட்டினார். இறுக்கினால் தண்டு வெட்டுப்படும். டயரைத் தாண்டியபின் நுனியைக் கிள்ளினால் கிளைகள் பிரிந்து குடைபோலத் தொங்கும். பூ வருவது அந்தத் தொங்கும் கிளைகளில்தான். துண்டு நட்ட செடி இரண்டாம் ஆண்டிலேயே காய்க்கத் தொடங்கும். விதையில் முளைத்ததற்குப் பல ஆண்டு ஆகும்.

இருட்டியபின் மொட்டுகள் விரிந்தன. காலையில் வெயில் ஏறினால் வாடிவிடும் பூ அது. சொந்த மண்ணில் அந்துப்பூச்சியும் வௌவாலும் மகரந்தம் சேர்க்கும். இங்கே அந்த வேலையை அம்மா செய்கிறார். வெள்ளைச் சதை ரகம் பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்க்கும். சில சிவப்பு ரகங்களுக்கு வேறு ரகத்தின் மகரந்தம் வேண்டும். டார்ச்சைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வெள்ளைச் சதை ரகப் பூவின் மகரந்தத்தைக் கிண்ணத்தில் தட்டி, சிவப்பு ரகத்தின் சூல்முடியில் தூரிகையால் பூசினார். மல்லி மொட்டு பறிக்க விடியுமுன்னே எழுந்த பழக்கம் என்பதால் இரவு வேலை தனக்குப் பாரமில்லை என்றார்.

பூத்து ஒரு மாதத்தில் பழம். தோல் சிவந்த சில நாளில் அறுக்கவேண்டும். முன்கூட்டி அறுத்தால் மாங்காய்போல வைக்கோலில் வைத்துப் பழுக்கவைக்க முடியாது, தாமதித்தால் வெடித்துவிடும். அந்த நாளையும் கண்தான் சொல்லவேண்டும்.

நர்சரிகளில் கன்று கிடைக்கிறது. காலும் டயரும் எங்கும் கிடைக்கும். கிள்ளவேண்டியது எது, விடவேண்டியது எது என்று தெரிந்த கை சுலபத்தில் கிடைக்காது. ஒத்தக்கடை வேளாண் கல்லூரி பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே புதுப்பயிர்ப் பயிற்சி நடத்தும்போது தோட்டக்காரர்களோடு இந்த அம்மாவைப் போன்ற கவாத்துத் தொழிலாளிகளையும் அழைக்கவேண்டும். கற்றுக்கொள்ள மட்டுமல்ல, கற்றுக்கொடுக்கவும். கவாத்து வேலைக்குத் தனிக் கூலியும் உண்டென்றால்தான் இந்தப் பயிர் அழகர்கோவில் மண்ணில் நிலைக்கும்.