மந்தர நாதமும் வீட்டுச் சுவரும்

கேகாலைப் பகுதித் தோட்டக் கோயில்களில் திருவிழா நடக்கும் இரவுகளில், எதிர்மலையில் நின்று கேட்பவருக்கு நாதஸ்வரத்தின் ராகம் முழுவதும் எட்டுவதில்லை. ரப்பர் மரங்களும் இடைப்பட்ட பள்ளமும் அதை வழியிலேயே மெலிவித்துவிடுகின்றன. ஆனால் தவிலின் தொப்பியில் கழி விழும்போது எழுகின்ற அந்தத் தாழ்ந்த அதிர்வு மாத்திரம் மலையை வளைத்துக்கொண்டு வந்து சேர்ந்துவிடும். தடை கண்டு நில்லாமல் சுற்றிச் செல்வதும், காற்றில் எளிதில் கரையாமல் நெடுந்தூரம் போவதும் மந்தர நாதத்தின் சுபாவம். வெட்டவெளிக்கென்றே பிறந்ததுபோன்ற இந்த நாதத்தைத்தான், நல்ல விலை கொடுத்து ஸ்பீக்கர் வாங்கிய சங்கீத ரசிகர் நான்கு சுவர்களுக்குள் குடியமர்த்த முயல்கிறார். முயன்று, கொடுத்த பணத்துக்கேற்ற பேஸ் வரவில்லையே என்று மனம் நோகிறார். என் அபிப்பிராயத்தில், குறை பெரும்பாலும் ஸ்பீக்கரில் இல்லை. அது வைக்கப்பட்ட இடத்தில்தான் இருக்கிறது.

தாழ்ந்த ஒலி எத்துணைப் பெரியது என்பதற்கு இந்த மாவட்டத்திலேயே மகத்தான திருஷ்டாந்தம் ஒன்று உண்டு. 1975இல் பின்னவலையில் அமைக்கப்பட்ட சரணாலயத்தின் யானைகள் மா ஓயாவில் இறங்கிக் குளிப்பதைப் பார்த்து நிற்பவர் அவற்றின் பிளிறலைக் கேட்டிருப்பார். ஆனால் அவற்றின் இனத்துக்குரிய உரையாடலில் ஒரு பகுதி மனிதச் செவிக்கு எட்டாதது. 1984இல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் மிருகக்காட்சிசாலையில் ஆசிய யானைகளின் அருகே இருந்த கேட்டி பெய்ன் என்னும் விஞ்ஞானி, காதில் விழாத ஒரு துடிப்பு காற்றில் இருப்பதை உடலால் உணர்ந்தார். இளமையில் தேவாலயத்துப் பெரிய ஆர்கன் குழலின் அருகே நின்று பாடியபோது நேர்ந்த அநுபவம் அவர் நினைவுக்கு வந்தது. அவரும் சகாக்களும் 1986இல் வெளியிட்ட ஆராய்ச்சி, அந்த ஒலிகள் 14 முதல் 24 ஹெர்ட்ஸ் வரையில் அமைந்தவை என்று நிறுவியது. நம் செவியின் கீழெல்லை ஏறத்தாழ 20 ஹெர்ட்ஸ். காட்டை ஊடுருவிச் சென்று இனத்தாரை அடைவதற்கு இயற்கை தேர்ந்தெடுத்த சாதனம் இந்தத் தாழ்ந்த நாதமே என்றால், அது ஒரு முன்னறைக்குள் அடக்கமாக இராததில் வியப்பென்ன?

எங்கள் ஊர் வெப்பத்தில் ஒலி ஒரு நொடிக்கு ஏறத்தாழ 1,140 அடி செல்கிறது. 1,000 ஹெர்ட்ஸ் கொண்ட புல்லாங்குழல் ஸ்வரத்தின் அலை ஓர் அடியைச் சற்றே தாண்டும். நான்கு தந்தி பேஸ் கிட்டாரின் அடித்தந்தி எழுப்பும் 41 ஹெர்ட்ஸ் ஸ்வரத்தின் அலையோ ஏறக்குறைய 28 அடி நீளமுடையது. அறையின் நீளம் 14 அடி என்று கொண்டால், அந்த அலையில் சரிபாதிதான் அதனுள் அடங்கும். அவ்வாறு அடங்கும்போது, எதிரெதிர்ச் சுவர்களில் மோதித் திரும்பும் அலைகள் ஒன்றோடொன்று கூடி, நீண்ட தொட்டியில் ஆட்டிவிட்ட நீர் இரு முனைகளிலும் மாறிமாறி எழுந்து நடுவில் மட்டம் மாறாமல் நிற்பதுபோல, சுவரோரங்களில் நாதத்தைப் பெருக்கியும் நட்டநடுவில் மாய்த்தும் நிலைகொண்டுவிடுகின்றன. இளையராஜாவின் பாடலொன்றில் பேஸ் கிட்டார் படிப்படியாக இறங்கி வரும் இடத்தை நடு அறையில் அமர்ந்து கேட்டுப் பாருங்கள்: மேற்படிகளெல்லாம் தெளிவாயிருக்க, அடிப்படி மாத்திரம் காணாமற்போகும். எழுந்து பின்சுவரில் முதுகு சாய்த்தால், அதே ஸ்வரம் வீங்கிப் பாடகரின் குரலையே மூடிவிடும். ஸ்பீக்கரும் பாட்டும் மாறவில்லை. கேட்பவர் 7 அடி நகர்ந்ததுதான் வித்தியாசம். நீளமும் அகலமும் சமமான சதுர அறையில் இரண்டு திசைகளும் ஒரே ஸ்வரத்தைப் பற்றிக்கொள்வதால் இந்த உபத்திரவம் இன்னும் மிகும்.

ஆகையால் முதற் பரிகாரம் நாற்காலியை நகர்த்துவது. நடுவையும் பின்சுவரையும் விட்டு, அறையின் நீளத்தில் மூன்றிலொரு பங்கில் அமர்ந்து தொடங்கலாம். ஸ்பீக்கரை மூலையில் திணித்தால் பேஸ் பெருகும், பெருகுவது அழகாவதில்லை. சப்வூஃபர் வைத்திருப்பவர்களுக்கு ஓர் உபாயம் உண்டு. அதைத் தாம் அமரும் இடத்திலேயே வைத்து, பேஸ் தொடர்ந்து வரும் பாட்டொன்றை ஒலிக்கவிட்டு, சுவரோரமாகத் தரையளவு குனிந்து மெல்ல நகர்ந்து கேட்க வேண்டும். எந்த இடத்தில் எல்லா ஸ்வரங்களும் சமமாக ஒலிக்கின்றனவோ, அந்த இடமே சப்வூஃபருக்கு உரியது. இவ்விரு இடங்களுக்கிடையே ஒலி எத்திசையில் சென்றாலும் பலன் ஒன்றே என்பது பௌதிகத்தின் விதி. பெரியது ஒன்றைவிடச் சிறியவை இரண்டை வெவ்வேறு சுவர்களில் வைத்தால் மேடுபள்ளம் குறையும். திரைச்சீலையும் விரிப்பும் மேல் ஸ்வரங்களை அடக்குமேயன்றி 28 அடி அலையை ஒன்றும் செய்யமாட்டா. திறந்த ஜன்னலும் பலகைத் தட்டும் உள்ள நம் பழைய வீடுகள், அந்த அலையில் ஒரு பகுதியை வெளியே விட்டுவிடுவதால், மூடிய கான்கிரீட் அறைகளைக் காட்டிலும் இவ்விஷயத்தில் பாக்கியம் பெற்றவை.

வெளியே போகும் அந்தப் பகுதி எங்கே போகிறது என்பதையும் எண்ண வேண்டும். 10 அடிக்கு 12 அடியான லயன் காம்பிராக்களில், ஒரே சுவரை இரண்டு குடும்பங்கள் பகிர்ந்துகொண்டு தலைமுறைகளாக வாழ்ந்த சமூகம் எங்களுடையது. விடியற்காலையில் பால் வெட்டப் போக வேண்டியவர் சுவருக்கு அப்பால் உறங்கும்போது, இப்பால் ஒலிக்கும் பாட்டின் சொற்களைச் சுவர் தடுத்தாலும், பேஸ் தடையின்றிப் போய் அவர் தலைமாட்டில் இடிக்கும். இரவில் சத்தத்தைக் குறைப்பது அயலாருக்குச் செய்யும் தர்மம். குறைத்தால் பேஸ்தான் முதலில் மறையும். தாழ்ந்த ஒலியை மெல்லக் கேட்கும் சக்தி நம் செவிக்குக் குறைவு என்பதை 1933இல் ஃபிளெட்சரும் மன்சனும் அளந்து காட்டினார்கள். பழைய அம்ப்ளிஃபயர்களில் காணப்படும் லவுட்னஸ் பொத்தான் அந்தக் குறையை நிரப்பவே ஏற்பட்டது. மெல்லக் கேட்கும் இரவுகளில் அதைப் பயன்படுத்துவதில் இழுக்கு ஒன்றுமில்லை.

நல்ல பேஸ் என்பது நெஞ்சை இடிக்கும் பேஸ் அன்று. மிருதங்கத்தின் தொப்பியில் அடித்த அடி அடித்த கணத்தில் எழுந்து, அதன் காலம் முடிந்ததும் ஓய்ந்து, அடுத்த அடிக்கு இடம்விட்டு ஒதுங்குவதே நல்ல பேஸ். அதை விலைகொடுத்து வாங்கிவிடலாம் என்று நினைப்பவர் மேலும் மேலும் பெரிய பெட்டிகளை வாங்கிக்கொண்டே போவார். அளவுநாடாவால் தம் அறையை அளந்து, சில மாலைப்பொழுதுகளைப் பொறுமையாகச் செலவிட்டு, நாற்காலியையும் பெட்டியையும் அங்குலம் அங்குலமாக நகர்த்திக் கேட்பவரோ, இருப்பதைக் கொண்டே அதை அடைவார். தாம் குடியிருக்கும் வீட்டையும் அதற்கு அடுத்த வீட்டையும் அறிந்தவராகவும் ஆவார்.